ராஜகால்வாயில் கழிவுநீர் விழுகிறதா? பெங்களூரில் புகார்க் கடிதம் முதல் பசுமைத் தீர்ப்பாயம் வரை

ஈஜிபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெரு முடியும் இடத்தில் ராஜகால்வாய், அதாவது மழைநீர் போவதற்கான பெரிய வடிகால், ஓடுகிறது. அதன் சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்கு முன் அதிலிருந்து கறுப்பாகக் கழிவுநீர் கொட்டும். எட்டு மணிக்கெல்லாம் நின்றுவிடும். அந்த ஒரு குழாயை அடைக்கவைக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. வழி தெரிந்திருந்தால் ஐந்தாறு மாதங்களில் முடிந்திருக்கும். மீதி எட்டு மாதங்களும் தவறான மேசைகளில் கழிந்தன. அந்த மாதங்கள் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கால்வாய்த் தண்ணீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பிறகு தென்பெண்ணைக்கும் போகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று இறங்கி, கடலூர்ப் பக்கம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. ஊரின் மேற்குப் பகுதியில் இருப்பவர்களின் கழிவுநீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. என் அத்தையின் நிலம் கெலவரப்பள்ளி கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. அணைத் தண்ணீரில் வெள்ளை நுரை மலைபோல் எழுந்த ஒரு மழைக்காலத்தில், பெங்களூரில் என்ன கரைத்து அனுப்புகிறீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். மறுநாள் காலையில்தான் அந்தக் குழாயை முதல்முறையாக நின்று பார்த்தேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். "ஆறு கெடுகிறது" என்று எழுதிய கடிதம் எந்த மேசையிலும் தங்காது, அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். "இந்த இடத்தில், இந்தக் குழாயில், இத்தனை மணிக்கு" என்று எழுதிய கடிதத்துக்கு ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

1. முதலில் உங்கள் வீட்டுக் குழாயைச் சோதியுங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். நீங்கள் புகார் கொடுத்ததும் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதுதான். பெங்களூரில் பழைய கட்டடங்கள் பலவற்றின் கழிப்பறைக் குழாய் யுஜிடியில் (நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்) சேராமல் தெரு மோரியில் (தெருவோர வடிகால்) விடப்பட்டிருக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

சோதிப்பது எளிது. ஒரு வாளித் தண்ணீரில் மளிகைக் கடையில் கிடைக்கும் சிவப்பு உணவு வண்ணத்தைக் கரைத்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள். ஒருவர் வாசலில் உள்ள சேம்பர் (வீட்டுக் குழாய் யுஜிடியில் சேரும் சிறு தொட்டி) அருகிலும், மற்றொருவர் மோரி அருகிலும் நிற்க வேண்டும். நிறம் மோரியில் தெரிந்தால் முதல் வேலை வீட்டு உரிமையாளரிடம் பேசி இணைப்பைச் சரிசெய்வது. அடுக்ககத்தில் இருந்தால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணத்தைச் சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். காற்றூதும் இயந்திரம் நாள் முழுதும் ஓடினால் அது கட்டணத்தில் தெரியும். மாதக் கட்டணம் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தால் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

மொட்டைமாடி மழைநீரை யுஜிடியில் இணைத்திருந்தால் அதுவும் தவறுதான். மழை பெய்யும்போது மேன்ஹோல் பொங்கி, கழிவுநீர் அப்படியே ராஜகால்வாயில் இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. எது யாருடைய பொறுப்பு என்று பிரியுங்கள்

என் எட்டு மாதங்களை விழுங்கியது இந்த இடம்தான். கால்வாயின் சுவர், தூர், குப்பை ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. யுஜிடிக் குழாயும் மேன்ஹோலும் பெங்களூரு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொழிற்சாலை, பட்டறை, அடுக்ககச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் கழிவு கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. அதன் தலைமையகம் சர்ச் தெருவில் உள்ள பரிசர பவன். ஆனால் உங்கள் புகாரைக் கையாள்வது உங்கள் பகுதிக்குரிய மண்டல அலுவலகம்தான். எந்த மண்டலம் என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்துவிட்டது. பழைய முகவரிக்கு எழுதினால் கடிதம் அலைந்துகொண்டிருக்கும். மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு ஆகிய ஐந்தில் உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்த பிறகே உறையில் முகவரி எழுதுங்கள்.

தண்ணீரைப் பார்த்தே ஓரளவு பிரித்துச் சொல்லலாம். சாம்பல் அல்லது கறுப்பு நிறம், அழுகிய முட்டை நாற்றம் என்றால் வீட்டுக் கழிவுநீர். நீலம், சிவப்பு என்று நாளுக்கொரு நிறம் வந்தால் சாயமோ துணி வெளுக்கும் பட்டறையோ இருக்கலாம். மேலே வானவில் படலம் மிதந்தால் வண்டி பழுதுபார்க்கும் இடத்து எண்ணெய். குளிர்ந்த காலையில் ஆவி பறந்தால் சுடுநீர் வெளியேறுகிறது என்று எண்ணலாம். நுரை மட்டும் தனியாக எதையும் நிரூபிக்காது. சோப்புத்தூளில் உள்ள நுரைக்கும் பொருள் சிதையாமல் இருந்தாலே தண்ணீர் உயரத்திலிருந்து விழும் இடத்தில் நுரைக்கும்.

இங்கே மனசாட்சியோடு நடந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. குழாய் வருவது யுஜிடி வசதியே இல்லாத ஏழைக் குடியிருப்பிலிருந்து என்றால், அந்த மக்களின் மீது புகார் எழுதாதீர்கள். அங்கே யுஜிடி போடவில்லை என்று எழுதுங்கள். கழிவு ஒன்றுதான், யாரைக் குற்றம் சாட்டுகிறோம் என்பது வேறு. ஈஜிபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் இப்படிப்பட்ட குறுக்குச் சந்துகளில் வாழ்பவர்களில் பலர் நம் தமிழர்கள்தான், அவர்கள் வீட்டுக் குழந்தைகள் அந்தக் கால்வாயின் ஓரத்திலேயே விளையாடுகிறார்கள்.

3. பதினைந்து நாள் குறிப்பேடு

பணம் செலவழிக்க வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். என் வழக்கில் கடைசிவரை நின்றது இந்த நோட்டுதான்.

மழையில்லாத நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நாட்களாக மழை பெய்யாதபோதும் ராஜகால்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது பெரும்பாலும் கழிவுநீர்தான். மழைக்குப் பிறகு எடுத்த படத்தைக் காட்டினால், மழைநீர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். விடியற்காலை 5, காலை 8, மதியம் 1, இரவு 10 என்று நான்கு வேளைகளில் பாருங்கள். எல்லா நாளும் நான்கு வேளையும் முடியாது. பக்கத்து வீட்டாருடன் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தேதி, மணி, நிறம், நாற்றம், எவ்வளவு நேரம் ஓடியது, பார்த்தவர் பெயர், கையெழுத்து ஆகியவற்றைப் பேனாவில் எழுதுங்கள். ஓடாத வேளையில் "ஓடவில்லை" என்றும் எழுதுங்கள். உண்மையாக எழுதிய நோட்டுக்கு அதுவே அடையாளம்.

இந்த நோட்டு இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதிகாரி பதினொரு மணிக்கு வருவார். குழாய் உலர்ந்து கிடக்கும். "ஆய்வின்போது கழிவு வெளியேற்றம் காணப்படவில்லை" என்று அறிக்கை எழுதப்படும். எனக்கு இரண்டு முறை இப்படி நடந்தது. அந்த அறிக்கை பிறகு எதிர்த்தரப்பின் ஆயுதமாகிவிடும்.

படம் எடுக்கும்போது இடமும் நேரமும் பதிவாகும்படி கைபேசியில் அமைத்துக்கொள்ளுங்கள். ஒரே சட்டத்துக்குள் குழாயும், அசையாத ஓர் அடையாளமும் (மின்கம்ப எண், பாலத்தின் தூண்) வர வேண்டும். பலரும் விழும் குழி ஒன்று இருக்கிறது: வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் உள்ளே இருக்கும் இட, நேர விவரம் போய்விடும். மூலப் படத்தை அழிக்காமல், கைபேசியிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்திலோ (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கானது) நீதிமன்றத்திலோ கொடுக்கும்போது, 2023 பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்கச் சொல்வார்கள். அந்தப் படத்தை எடுத்த கைபேசி யாருடையது என்பதும் அதில் வரும். ஆகவே யாரோ அனுப்பிய படத்தை நம்பி மனு எழுதாதீர்கள்.

கால்வாய்க்குள் இறங்காதீர்கள். மேன்ஹோல் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நாற்றத்தை உணரும் திறனையே முதலில் மழுங்கடித்துவிடும். ஆபத்து தெரியும்போது கால் தளர்ந்திருக்கும். அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆற்றைக் காப்பாற்றக் கிளம்பி ஓர் உயிரைப் பறிகொடுக்கக் கூடாது.

4. இடத்துக்கு ஓர் எண் கண்டுபிடியுங்கள்

"மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால்" என்று எழுதினால் உங்களுக்குப் புரியும், கோப்புக்குப் புரியாது. கர்நாடக நில அளவைத் துறையின் திஷாங்க் என்ற கைபேசிச் செயலி இலவசம். குழாய் அருகே நின்று திறந்தால் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் காட்டும். அந்தத் திரையைப் படமெடுத்து அச்சிடுங்கள். ராஜகால்வாய் பெரும்பாலும் "பி கராபு" என்ற பொதுநில வகையில் இருக்கும்.

கால்வாய் ஓரத்தில் கட்டக் கூடாத தூரத்தைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை. ஏரிக்கு 75 மீட்டர் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் விதித்ததைப் பலர் இன்னும் எழுதுகிறார்கள். உச்ச நீதிமன்றம் அதை 2019 மார்ச்சில் நீக்கிவிட்டது. பழைய எண்ணைப் போட்டால் உங்கள் கடிதம் முழுவதும் விவரம் தெரியாதவர் எழுதியது என்று ஒதுக்கப்படும். உங்கள் பிரச்சினை கழிவுநீர் என்றால் ஆக்கிரமிப்பை இதில் கலக்கவே கலக்காதீர்கள். அது வேறு கோப்பு.

5. புகார்க் கடிதம்

முதலில் தொலைபேசிப் புகார்: வடிகால் வாரியத்துக்கு 1916, மாநகராட்சிக்கு 1533. இவற்றால் மட்டும் வேலை முடியும் என்று எண்ண வேண்டாம். புகார் எண் கிடைக்கிறது, அதற்காகத்தான். பல நேரம் வேலை செய்யாமலேயே புகார் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிடும். அந்தக் குறுஞ்செய்தியையும் படமெடுத்து வையுங்கள், பின்னால் பயன்படும்.

பிறகு கடிதம். மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே நாளில், ஒரே கடிதம். ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டுக்கும் நகல் அனுப்பியதாகக் கீழே குறிப்பிடுங்கள். "எங்களுடையது அல்ல" என்ற பதிலை அடைக்க வேறு வழியை நான் காணவில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உள்ளடக்கம் இந்த அளவில் இருக்கலாம்:

"இன்ன கிராமம், இன்ன சர்வே எண் அருகே, ராஜகால்வாயின் இடது சுவரில், மின்கம்பம் இன்ன எண்ணிலிருந்து சுமார் பத்து மீட்டரில் ஒரு குழாய் உள்ளது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பார்த்ததில், பதினைந்து நாட்களில் பதின்மூன்று நாட்கள், அதிகாலை 4.30 முதல் 7.30 வரை கறுப்பு நிறக் கழிவுநீர் வெளியேறியது. குறிப்பேட்டின் நகலும் எட்டுப் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24, 25 பிரிவுகளின்படி நடவடிக்கை கோருகிறேன். அதிகாலை 5 மணிக்கு ஆய்வு செய்யும்படியும், எனக்கு முன்னறிவிப்புத் தரும்படியும் வேண்டுகிறேன்."

இதைக் கன்னடத்தில் எழுதுங்கள். நான் முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன், படித்தார்கள், வைத்தார்கள். எதிர்வீட்டு மைசூர்க்கார அம்மா உட்கார்ந்து கன்னடத்தில் எழுதிக் கொடுத்த பிறகு, பிரிவு அலுவலர் கடிதத்தை வாங்கியவுடன் வாசித்து அங்கேயே இரண்டு கேள்விகள் கேட்டார். கையெழுத்தும் கன்னடக் குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து போடுங்கள். தண்ணீர் எல்லை தாண்டிப் போகிறது என்பதற்காக இதை இரு மாநிலச் சண்டையாக்கிப் பேச யாராவது முயல்வார்கள். அதற்கு இடம் கொடுத்தால் குழாய் மறந்துபோகும். நாற்றம் முதலில் நம் தெருவுக்குத்தான், எல்லோர் மூக்குக்கும்.

நேரில் கொடுத்தால் இரண்டாவது நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். கன்னடத்தில் "ஸ்வீக்ருதி" என்று கேட்க வேண்டும். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்று சொன்னால் போகாதீர்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அனுப்பிய ரசீதும், சேர்ந்ததைக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சும் இரண்டும் வேண்டும். அந்தப் பக்கம் சில வாரங்களில் கிடைக்காமல் போகலாம், உடனே அச்சிடுங்கள்.

6. தண்ணீர்ச் சோதனை: இங்கே பணத்தை வீணாக்காதீர்கள்

நான் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து ஒரு தனியார் ஆய்வகத்தில் சோதித்தேன். அறிக்கை நன்றாகத்தான் வந்தது. ஆனால் நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, மாசு வாரிய அதிகாரி இடத்துக்குரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்ட மாதிரிதான் வழக்கில் சட்டபூர்வச் சான்றாகும். நாமே பாட்டிலில் பிடித்துக் கொடுத்தது அந்த இடத்தைப் பிடிக்காது. அதனால் உங்கள் உழைப்பு எல்லாம் வாரியத்தைச் சரியான நேரத்தில் மாதிரி எடுக்கவைப்பதில் இருக்கட்டும். ஆய்வு நடக்கும்போது உடன் நின்று, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் வாயிலிருந்து எடுத்தார்களா, கால்வாயின் நடுவிலிருந்து எடுத்தார்களா என்பது முக்கியம். நடுவில் எடுத்தால் எல்லாருடைய கழிவும் கலந்து, யாருடையது என்று சொல்ல முடியாமல் போகும்.

அறிக்கை வந்ததும் ஒரு வரியை முதலில் பாருங்கள்: பிஓடி, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு. நீர்நிலைகளில் விடப்படும் கழிவுக்கான பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் அது 3-க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது. இந்த மூன்று எண்களும் மனத்தில் இருந்தால் அறிக்கை உங்களை மிரட்டாது. இந்தச் சோதனைக்கே மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும், மறுநாளே முடிவு கேட்டு அலைய வேண்டாம்.

7. தகவல் உரிமை மனு

கடிதம் கொடுத்து முப்பது நாட்களில் அசைவு இல்லையென்றால் இதைப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். அஞ்சலகத்தில் போஸ்டல் ஆர்டர் வாங்கலாம், கர்நாடக அரசின் இணையத்தளத்திலும் அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர முப்பது நாட்கள் அவகாசம்.

கர்நாடகத்தில் ஒரு தனி விதி உண்டு: ஒரு மனுவில் ஒரே பொருள், அதுவும் பொதுவாக 150 சொற்களுக்குள். தமிழ்நாட்டில் பழகியவர்கள் நான்கு பக்கம் எழுதி, திருப்பி அனுப்பப்பட்டு மாதம் ஒன்றை இழக்கிறார்கள். நான்கு கேள்வி இருந்தால் நான்கு மனு, நாற்பது ரூபாய்தான்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர், ஆவணம் தரத்தான் கடமைப்பட்டவர்கள். ஆகவே ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அந்தக் கட்டடத்துக்கு வழங்கிய இசைவாணையின் (கழிவை வெளியேற்ற மாசு வாரியம் தரும் அனுமதி) நகல், கடந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வு அறிக்கைகள், மாதிரிச் சோதனை முடிவுகள், என் இன்ன தேதிக் கடிதத்தின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள். கடைசியாகச் சொன்னது மிகவும் பயன் தரும். எனக்குக் கிடைத்த குறிப்பில்தான், குழாய் யாருடையது என்பது அலுவலகத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே தெரியும் என்று இருந்தது.

தவறான அலுவலகத்துக்குப் போனாலும் அஞ்ச வேண்டாம், ஐந்து நாட்களில் உரியவருக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு.

மற்றொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. இசைவாணை நிபந்தனைகளை எழுதிய பதிவேட்டை, அந்தக் கழிவால் பாதிக்கப்படும் எவரும் அலுவலக நேரத்தில் பார்க்கலாம் என்று நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவு சொல்கிறது. பிரிவு எண்ணைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

8. அறுபது நாள் அறிவிப்பு

மாசு வாரியம் வழக்குத் தொடராவிட்டால், அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமகனே நீதிமன்றத்தில் புகார் செய்ய நீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 2024-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் தண்டனை முறை மாறியிருக்கிறது. இந்த வழியில் இறங்கும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். நான் இதில் போகவில்லை.

9. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்

கர்நாடகத்துக்கான தென்மண்டல அமர்வு சென்னையில், சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. மனுவை இணையவழியில் தாக்கல் செய்யலாம், விசாரணையில் காணொளி வழியாகவும் கலந்துகொள்ளலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நேரில் நீங்களே வாதாடலாம்.

நாள் கணக்கை முதலில் பாருங்கள். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் மனு, பிரச்சினைக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வர வேண்டும். தக்க காரணம் காட்டினால் கூடுதலாக அறுபது நாட்கள். அதற்கு மேல் இல்லை. இங்கேதான் நல்லெண்ணம் கொண்டவர்கள் தோற்கிறார்கள்: இரண்டு ஆண்டுகள் பொறுமையாகக் கடிதம் எழுதிவிட்டு, பிறகு மனுவோடு போகிறார்கள். கழிவு தினமும் விழுவதால் காரணமும் தினமும் புதிதாக எழுகிறது என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பித் தாமதிக்காதீர்கள். முதல் கடிதம் எழுதிய நாளன்றே நாட்காட்டியில் ஐந்தாவது மாத முடிவை வட்டமிடுங்கள். கெட்டுப்போன சுற்றுச்சூழலை மீட்டுத்தரக் கோரும் 15-ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. தூர் எடுத்துக் கால்வாயை மீட்பதும் உங்கள் கோரிக்கை என்றால் இரு பிரிவுகளையும் குறிப்பிடுங்கள்.

கட்டணம், இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். ஆவேசத்தில் ஒரு கோடி கேட்டால் ஒரு லட்சம் கட்ட வேண்டிவரும். மாசுபடுத்தியவரிடமிருந்து சுற்றுச்சூழல் இழப்பீட்டை மாசு வாரியம் வசூலிக்க வேண்டும் என்று கோருங்கள், உங்களுக்கென்று தொகை கேட்காதீர்கள். இவை தவிர நோட்டரி, நகல், மொழிபெயர்ப்புச் செலவு இருக்கும். மொழிபெயர்ப்பைக் குறைவாக எண்ணாதீர்கள்: கன்னடத்தில் உள்ள ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிலுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். எனக்கு அதிகச் செலவு வைத்தது இதுதான். கடிதம் எழுதும்போதே ஆங்கில வடிவத்தையும் செய்து வைத்திருந்தால் பாதி மிஞ்சியிருக்கும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: தேதி வரிசைப் பட்டியல், மனு, உறுதிமொழிப் பத்திரம், திஷாங்க் வரைபடம், குறிப்பேட்டின் நகல், படங்களும் சான்றிதழும், மூன்று அலுவலகங்களுக்கான கடிதங்களும் முத்திரைகளும், தகவல் உரிமைப் பதில்கள், அடையாளச் சான்று. எல்லாப் பக்கத்துக்கும் தொடர் எண். எதிர்த்தரப்பினர் எத்தனை பேரோ அத்தனை நகல். தேதி வரிசைப் பட்டியலை இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். விசாரணையில் முதலில் புரட்டப்படுவது அதுதான்.

உங்கள் கால்வாய் விழும் ஏரியைப் பற்றி ஏற்கெனவே ஆணை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெல்லந்தூர் ஏரி 2017-இலும் 2018-இலும் தீப்பற்றி எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் தீர்ப்பாயம், ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கும்படி 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. எங்கள் குழாயும் அந்த ஏரிக்குத்தான் போகிறது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதினேன். ஒரு தெருக் குழாய் எதற்காகத் தீர்ப்பாயத்துக்கு வருகிறது என்ற கேள்வி எழவேயில்லை.

கோரிக்கைகள் சிறியனவாக, செய்து முடித்ததா என்று கண்ணால் பார்க்கக் கூடியனவாக இருக்கட்டும்: குழாயை அடைப்பது, அந்தக் கட்டடத்தை யுஜிடியில் இணைப்பது, கூட்டுக் குழு அதிகாலையில் ஆய்வு செய்வது, இருநூறு மீட்டர் நீளத்துக்குத் தூர் எடுப்பது. தென்பெண்ணையைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு வரி சேர்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எழுதி, அடித்துவிட்டேன்.

ஆறு மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் பல நேரம் கூட்டுக் குழு அமைக்கப்பட்டு, ஆய்வுத் தேதி குறிக்கப்பட்டதுமே குழாய் அடைக்கப்பட்டுவிடும். எங்கள் தெருவில் ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு சிமென்ட் பூசினார்கள்.

10. அடைத்த பிறகு

அடைத்த குழாய் திறக்கும். முதல் மழையில் கட்டடத்துக்குள் தண்ணீர் ஏறியதும், பூசிய சிமென்ட்டைத் தட்டிவிடுவார்கள். மே கடைசியிலும், அக்டோபர் மழை ஓய்ந்த பிறகும் மூன்று நாள் குறிப்பேட்டைத் திரும்ப எழுதுங்கள். யுஜிடி இணைப்பு உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று வடிகால் வாரியத்திடம் தகவல் உரிமை மனுப் போட்டு, இணைப்பு ஆணையின் நகலை வாங்குங்கள். அடைப்பு மட்டும் நடந்து இணைப்பு நடக்கவில்லையென்றால் கழிவு வேறு சுவர் வழியாக வரும். தீர்ப்பாய ஆணை இருந்தும் நிறைவேற்றவில்லை என்றால் புது மனு வேண்டாம். அதே வழக்கில் நிறைவேற்றல் மனு போடலாம்.

தூர் எடுத்தார்கள் என்றால் எடுத்த சேற்றை எங்கே கொட்டினார்கள் என்று பாருங்கள். கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போகும். லாரி வந்து அள்ளும்வரை தினமும் 1533-க்கு அழையுங்கள். எங்களுக்குப் பதினொரு நாட்கள் ஆயின.